சிவக்காத கன்னம்

கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைவதாக இருந்தால், அது நாற்பதாம் பக்கத்துக்குள் நடந்துவிட வேண்டும். இது எங்கள் முதலாளியின் சட்டம். அதற்கு மேல் போனால் வாசகிகளுக்குப் பொறுமை போய்விடுமாம். அடி வாங்கியவள் நூற்றிருபதாம் பக்கம் வரை அவனை வெறுக்கலாம். அதன் பிறகும் வெறுத்துக்கொண்டிருந்தால், எழுதியவர் வேறு பதிப்பகம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கதாநாயகி சிவப்பாக, கொடி மாதிரி இருக்க வேண்டும். கறுப்பாகவோ குண்டாகவோ ஒருத்தி வந்தால் அவள் தோழி. கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. காலை இழுத்து நடப்பவளோ காது கேட்காதவளோ வந்தால் அவள் கதாநாயகனின் தங்கை. அண்ணனுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று காட்ட அவளைப் பிடித்து வைத்திருப்பார்கள். பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண் எல்லாம் எங்கள் நாவல்கள் நடக்கும் ஊரில் பிறப்பதே கிடையாது.

மாதம் நான்கு காதல் நாவல்கள் போடும் இந்தப் பதிப்பகத்தில் ஒன்பது வருஷமாக நான் பிழை திருத்துகிறேன். நானூறு கன்னங்களுக்கு மேல் ஒற்றுப்பிழை இல்லாமல் சிவக்க வைத்திருக்கிறேன். விட்டுப்போன புள்ளியை எட்டடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவேன் என்று அச்சுக்கூடத்தில் என்னைப் 'புள்ளி' என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். என் மேஜை முதல் மாடியில், தண்ணீர்க் குழாய் இறங்கும் சுவரை ஒட்டி இருக்கிறது. கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தேநீர்க் கோப்பைக்குள் வளையம் வளையமாக அலை எழும்.

நான் எந்த நாவலையும் முதலிலிருந்து படிப்பதில்லை. முதலிலிருந்து படித்தால் கதை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கண் எழுத்தை விட்டுவிடும். அதனால் கடைசிப் பதினாறு பக்கத்தை முதலில் எடுப்பேன். அது முடிந்ததும் அதற்கு முந்திய பதினாறு. இந்தப் பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று பெயர். ஒரு நாவலுக்குப் பத்து ஃபாரம். நான் 'சரி' என்று கையெழுத்துப் போட்ட ஃபாரம் உடனே கீழே இறங்கி அச்சாகிவிடும். ஆகவே நான் திருத்தும் கதைகளில் முதலில் கல்யாணம் நடக்கும், பிறகு சண்டை வரும், கடைசியில் இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாகிவிடுவார்கள். என் வாழ்க்கையும் அந்த வரிசையில்தான் நடந்தது என்பதால் எனக்கு அது விநோதமாகப் பட்டதில்லை.

எங்களுடைய பெரிய எழுத்தாளர் நாவலக்கா. அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம். தனக்குக் கல்யாணமே ஆகாமல் நாற்பத்தாறு கல்யாணங்களை நடத்தி வைத்தவள். முன்பெல்லாம் 'வைத்தவர்' என்றுதான் எழுதியிருப்பேன். இன்று கை வரவில்லை.

போன வருஷம் நான் வீட்டை விட்டு வெளியே வந்தபோது பதினொரு நாள் அவள் வீட்டில்தான் இருந்தேன். இடது காதில் சொட்டு மருந்து விட்டது அவள்தான். சாப்பாட்டை உருட்டிக் கையில் கொடுத்தது அவள்தான். அந்தப் பதினொரு நாளும் என் புருஷன் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என்னைவிட அதிகமாக அவள்தான் அழுதாள். நடுநடுவே, "அப்ப என்ன கலர் நைட்டி போட்டிருந்த?", "மழை பெருசாவா, தூறலா?" என்று கேட்பாள். என் வலிக்குள் தானும் வந்து உட்காரப் பார்க்கிறாள் என்று நினைத்து உருகிப்போனேன். மடச்சி.

விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். இரண்டாம் மாடியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல் கொண்ட அறை. உள்ளேயிருந்து நான் மட்டும் பூட்டிக்கொள்ளும் கதவு. முகவரி இரண்டே பேருக்குத் தெரியும்: என் வக்கீலுக்கும் நாவலக்காவுக்கும். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மா நல்லவள், அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் முகவரியை எழுதி, வழியையும் படம் போட்டுக் கொடுத்துவிடுவாள். வழக்கு இன்னும் முடியவில்லை. வக்கீலம்மா முதல் நாளே விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: "அவர் ஒரு தடவை உங்க ரூமுக்குள்ள வந்து உட்கார்ந்துட்டாலும் போதும், ரெண்டு பேரும் சமாதானமாயிட்டோம்னு அடுத்த வாய்தாவுல சொல்லுவார். கதவு முக்கியம்மா." எனக்கு வழக்கைவிட அந்தக் கதவுதான் பெரிதாகத் தெரிந்தது. பதினான்கு மாதமாக அதன் பின்னால்தான் தூங்குகிறேன்.

திங்கட்கிழமை நாவலக்காவின் புது நாவல் என் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல் கடைசி ஃபாரத்தை எடுத்தேன். கோபித்துக்கொண்டு போன மனைவி பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறாள். நான்கு நாள் தாடியுடன் கணவன் விடுதி வாசலில் வந்து நிற்கிறான். அவள் படிகளில் செருப்பில்லாமல் ஓடி வருகிறாள். எங்கள் நாவல்களில் பெண்கள் விடுதி என்பது புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போவதற்காகக் கட்டப்பட்ட கட்டடம். அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. 'அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்' என்று ஒரு வரி சப்பென்று கிடந்தது. 'அவன் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை அவளே உருவி எடுத்து, முதலில் அவன் கண்களைத் துடைத்தாள்' என்று மாற்றினேன். நன்றாக இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் இடித்தது. ஓரத்தில் எழுதினேன்: 'இவனுக்கு விடுதி முகவரி எப்படித் தெரிந்தது? விளக்கம் தேவை.' அதைப் படம் பிடித்து நாவலக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை. காதல் நாவலில் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிட்டேன்.

செவ்வாயும் புதனும் நடுப்பக்கங்கள். கார் விபத்து, ஆஸ்பத்திரி, தொழிற்சாலையில் தீ, காய்ச்சலில் அவள் பெயரையே முனகும் கணவன். எல்லாம் பழைய சரக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் ஐம்பத்தாறு பிழைகள். ஏழு ஃபாரம் முடிந்து கீழே போனது.

வியாழக்கிழமை காலை மூன்றாம் ஃபாரம். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு மதியம். மூன்று மணி. கணவன் போன் செய்தபோது அவள் எடுக்கத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவன் அவளை அறைந்து, பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. எதிர் மாடிப் பெண்மணி பார்த்துவிட்டு ஜன்னலை மூடுகிறாள். அவள் கொடியில் மாட்டியிருந்த துணிக் கிளிப்புகளை எண்ணுகிறாள். இருபத்து மூன்று.

பேனாவைக் கீழே வைத்தேன். இருபத்து மூன்று கிளிப்புகளை எண்ணியவள் நான். அழாமல் இருப்பதற்காக எண்ணினேன். போலீஸிடம் சொல்லவில்லை, வக்கீலிடம் சொல்லவில்லை. அற்பமாகத் தெரியுமே என்று வெட்கம். நாவலக்காவிடம் மட்டும், அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்த பக்கம் திருப்ப விரல் வரவில்லை. திருப்பினேன். என் கதையில் இரண்டு மணி நேரம் கழித்து அவன் கதவைத் திறந்தான். "தண்ணி சொட்டச் சொட்ட உள்ள வராதே" என்று சொல்லிக் காதோடு சேர்த்து ஒன்று விட்டான். நாவலில் அடி முந்திய பக்கத்திலேயே விழுந்துவிட்டது. 'அவளது பால் கன்னத்தில் அவன் ஐந்து விரல்களும் ரோஜா இதழ்களாய்ச் சிவந்தன.' பிறகுதான் பால்கனி, மழை. இருபத்து மூன்றாவது கிளிப்பை எண்ணும்போது கதவு திறக்கிறது. கையில் குடையோடு வந்து அவள் காலடியில் மண்டியிடுகிறான். குடை அவள் தலைக்கு மேல்; அவன் நனைகிறான்.

என் கன்னம் சிவக்காது. நான் நல்ல கறுப்பு. என் மேல் விரல்கள் ரோஜாவாகவும் பதியாது, வேறு எதுவாகவும் பதியாது. அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்ச மாதிரி ஒண்ணும் தெரியலையே" என்றார். சீட்டில் 'வெளிக்காயம் இல்லை' என்று எழுதினார். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் அவனுடைய வக்கீல் இன்றுவரை என்னைப் பொய்க்காரி என்கிறார். சிவக்காதவளுக்கு வலிக்கவும் வலிக்காது என்று இந்த உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நானூறு கன்னங்களைப் பிழையில்லாமல் சிவக்க வைத்த எனக்கும் அதில் பங்கு உண்டு. அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

என் இடது காதில் இப்போதும் ஒரு விசில் சத்தம் ஓயாது. அதுவும் நாவலில் இருந்தது. நான்கு பக்கம் முன்னால், கணவனின் தங்கைக்குப் பிறவியிலேயே இடது காது கேட்காது. என் காதைப் பிடுங்கி அவன் தங்கைக்கு மாட்டியிருந்தாள். அவனே அவளுக்கு மருந்து விடுகிறான்.

படி இறங்கி ஓடினேன். அச்சுக்கூடத்தில் அச்சடித்த தாள் அடுக்குகள் என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. முதலாளி மையின் வாசனைக்கு நடுவே நின்று ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதை நிறுத்துங்க."

"என்னம்மா, பெரிய பிழை ஏதாவது?"

"இது என் கதை சார். எனக்கு நடந்தது. என்னைக் கேட்காம எழுதியிருக்காங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நிஜமாகவே இரக்கப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "அடடா. எனக்குத் தெரியாதேம்மா. ஆனா ஏழு ஃபாரம் ஓடி முடிஞ்சுடுச்சு. ஒவ்வொண்ணுலயும் உன் கையெழுத்து இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்வதுபோல், "முடிவு பிரமாதமா வந்திருக்கும்மா. அந்தக் கைக்குட்டை வரி நீ போட்டதாமே? மெஷின்காரரே படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்" என்றார்.

நான் மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டேன்.

நாவலக்காவின் வீடு இரண்டு பஸ் தள்ளி. மதியம் ஒன்றரை இருக்கும். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "உட்காரு. டீ போடறேன்" என்று அடுக்களைக்குள் நுழைந்தாள். அந்தப் பதினொரு நாளும் நான் படுத்திருந்த அதே சோபாவில் உட்காரப் பிடிக்காமல் நின்றேன். மேஜையில் கணினி திறந்திருந்தது. அடுத்த நாவலுக்கு அதற்குள் தலைப்பு வைத்திருந்தாள்.

"கோபமா இருக்கியா?" என்றாள், கோப்பையை நீட்டி.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா வேண்டாம்பே. உனக்காகத்தான்டி எழுதினேன். நிஜத்துல உனக்கு நல்லது ஒண்ணும் நடக்கலை. கதையிலயாவது நல்லா முடியட்டுமேன்னுதான். அழுதுகிட்டே எழுதினேன், தெரியுமா?"

"நல்ல முடிவுன்னா அவன்கூடப் போறதா?"

"தனியா உட்கார்ந்து வேலைக்குப் போயிட்டு வர்றதையா முடிவுன்னு போட முடியும்? அதை யாரு காசு கொடுத்து வாங்குவா?" அவள் குரலில் பொய்யே இல்லை. "நீதான்னு ஒருத்தருக்கும் தெரியாதுடி. பயப்படாதே. உன்னைத்தான் நல்ல செவப்பா மாத்திட்டேனே."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் கோணி அழுகையாகிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் அதையும் எழுதிவிடுவாள்.

"அந்தக் குடை," என்றேன். "அது எங்கேருந்து வந்துச்சு? நான் சொல்லவே இல்லையே."

அவள் தன் கோப்பையை ஊதினாள்.

"அக்கா."

"அவர் சொன்னார்."

"யாரு?"

"ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு எழுதினா பாத்திரம் தட்டையாயிடும்டி. நாலைஞ்சு தடவை பேசினேன். இங்கதான் வந்து உட்கார்ந்திருந்தார். 'குடை எடுத்துட்டு வரத்தான் உள்ள போனேன், அதுக்குள்ள அவ தப்பா நினைச்சுட்டா'ன்னு சொன்னார். குலுங்கிக் குலுங்கி அழுதார். நீ பார்த்திருந்தா..."

அவன் இந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். நான் மருந்து விட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்த இடத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்திருக்கிறான். அவள் எதிரே உட்கார்ந்து, இதே கோப்பையில் டீ கொடுத்து, மழை பெரிதா தூறலா என்று கேட்டிருப்பாள். என்னைப் பெற்ற தாய்கூட நம்பாதபோது இவள் நம்பினாள் என்று பதினான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

அவள் கொடுத்த கோப்பையை மேஜையில் வைத்தேன்.

"திங்கட்கிழமை ஒரு கேள்வி அனுப்பினேனே. அவனுக்கு முகவரி எப்படிக் கிடைச்சுதுன்னு. நீங்க பதிலே போடலை."

நாவலக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நல்லது நினைக்கிற தோழி ஒருத்தி கொடுத்திருப்பா."

"நான் நாவலைக் கேட்கலை."

"ரெண்டு பேரும் ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசினா எல்லாம் சரியாயிடும்டி. அவர் மாறிட்டார். எனக்கு மனுஷங்களைப் பார்த்தா தெரியும், இருபது வருஷமா எழுதறேன்."

"எப்ப கொடுத்தீங்க?"

"நேத்து சாயந்திரம்."

பையிலிருந்து போனை எடுத்தேன். வலது காதில் வைத்துக்கொண்டு விடுதி வார்டனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் கேட்டதில்லை.

"உனக்குத்தாம்மா போன் பண்ணணும்னு இருந்தேன்! உன் வீட்டுக்காரர் வந்திருக்கார். காலையில பதினோரு மணியிலேருந்து வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தார். பாவமா இருந்துச்சு. ஆம்பளைங்களை மேல விடக் கூடாதுதான், ஆனா புருஷனாச்சே. மாத்துச் சாவி போட்டு உன் ரூமைத் திறந்து உட்கார வெச்சிருக்கேன்."

"மேடம், அவர் என்னை அடிச்சவர். எனக்கும் அவருக்கும் வழக்கு நடக்குது. தயவு செஞ்சு வெளிய போகச் சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "எந்த வீட்டுலம்மா சண்டை இல்லை? தேடி வந்திருக்கார் பாரு, அதைப் பாரு. நீ சீக்கிரம் வா." வைத்துவிட்டார்.

வார்டனின் மேஜையில் எங்கள் நாவல்கள் அடுக்கி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்யுமிடத்துக் கழிவு என்று சலுகை விலைக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். அவர் எதையும் அலசவில்லை. "அங்க போகாதீங்க. நான் போலீஸைக் கூட்டிட்டு நேரா விடுதிக்குப் போறேன். நான் சொல்ற வரைக்கும் இருக்கற இடத்துலயே இருங்க" என்றார். இருக்கும் இடம் எது என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

என் கட்டிலில் அவன் உட்கார்ந்திருப்பான். அலமாரியைத் திறந்திருப்பான். தலையணையை எடுத்துப் பார்த்திருப்பான். இனி அந்தக் கதவைப் பத்துத் தடவை பூட்டினாலும் எனக்கு அங்கே தூக்கம் வராது. பதினான்கு மாதம் பாடுபட்டுச் சேர்த்த ஒரே ஒரு அறை போய்விட்டது. போலீஸ் வந்து அவனை வெளியே அனுப்பினாலும் அது எனக்குத் திரும்பாது.

நாவலக்கா சோபா நுனியில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ரூமுக்குள்ளயா விட்டுட்டாங்க? வாசல்ல நின்னு பேசறேன்னுதான் என்கிட்ட சொன்னார்" என்றாள் மெதுவாக.

மேஜைமேல் கிடந்த அவள் போனை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"கூப்பிடுங்க."

"யாரை?"

"அவரைத்தான். நீங்கதானே அனுப்பி வெச்சீங்க. மாறிட்டாரு, அழுதாருன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா கேட்பார். தப்பு பண்ணிட்டேன், அந்த ரூமை விட்டு வெளிய போங்கன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வரி."

அவள் அவன் எண்ணைத் தேடி எடுத்தாள். கட்டைவிரல் அதன் மேல் அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்தாறு நாவல்களில் நாற்பத்தாறு கோபக்காரர்களைப் பக்கம் பக்கமாக வர்ணித்த விரல் அது. போனைத் திருப்பிக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டாள்.

"நானா?" என்றாள். "நான் எப்படிடி... அவருக்குக் கோபம் வந்துட்டா?"

கவிழ்ந்து கிடந்த போனை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த வீடு அவருக்குத் தெரியுமேடி. நான் தனியா இருக்கறவ."

சொல்லிக்கொண்டே எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள். கீழ்த் தாழ், பிறகு எக்கி நின்று மேல் தாழ். இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பதினொரு நாளும் நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பாமல் இருந்ததில்லை.